ஏழு பேர் பார்க்கும் சாலை

ஒரு சாலை எப்படி என்று கேட்டால் மற்றவர்கள் தார் போட்டதா, குழி விழுந்ததா, எத்தனை மைல் என்று சொல்வார்கள். அவர் மட்டும், அந்தச் சாலையில் சைக்கிளில் போனால் நம்மை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று சொல்வார்.

"ஓசூர் ரோட்டுல எண்ண முடியாது. பஸ்ஸுல இருக்கறவங்க, லாரி மேல இருக்கறவங்க, டீக்கடை பெஞ்சுல இருக்கறவங்க, அல்லாரும்தான். மலை வழியா போனா ஏழு பேரு. அதுல மூணு பேரு ஆடு மேய்க்கிறவங்க. அவங்க ஆட்டத்தான் பாப்பாங்க."

சிரிக்காமல் சொன்னார். ஏழு என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய், ஒவ்வொரு முறையும் எண்ணி, நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து வந்த எண். எண்ணாமல் அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவரைப் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை கூடும். அது அவருக்குப் பிடிக்காது.

அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூரில், சாலைகளுக்கு வரைபடம் போடும் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு டிரேசர் வேலை கிடைத்தது. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தேன். வரைபட அறையில் ஆண்கள் பதினொரு பேர், பெண்கள் இரண்டு பேர். நான் இரண்டாவது. முதலாவது அவர். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். பென்சிலில் மூலப் படம் போடுவது அவர் வேலை. அதன்மேல் மெழுகுத்துணி போன்ற டிரேசிங் துணியை விரித்து மையால் நகலெடுப்பது என்னைப் போன்றவர்களின் வேலை.

துணியின்மேல் மை விழுந்துவிட்டால் அழிக்க முடியாது. சவரபிளேடின் முனையால் மெல்லச் சுரண்டி, சாக்பீஸ் பொடி தேய்த்து, மறுபடி எழுதவேண்டும். ஆகையால் எங்கள் எல்லார் மேசையிலும் ஒரு பிளேடு உண்டு. அவர் மேசையில் கிடையாது. ரப்பர்கூட இருந்ததாக நினைவில்லை. தலைமை டிராஃப்ட்ஸ்மன் தும்கூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், எந்நேரமும் வாயில் ஒரு ஏலக்காயை ஒதுக்கிவைத்துக்கொண்டு பேசுகிறவர். நான் சேர்ந்த அன்றே அவர் என்னை அழைத்துக்கொண்டுபோய் அந்த மேசையைக் காட்டினார். பிளேடு இல்லாத மேசை இந்த அறையில் இது ஒன்றுதான், அக்காவ்ரு தப்புச் செய்யும் நாளில் நமக்கெல்லாம் விடுமுறை என்றார். அக்கா தலைநிமிரவில்லை. ஆனால் பென்சில் ஒரு கணம் நின்றது.

எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிட வயதில் மூத்தவர்களும். அதில் கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் கேலியும் இருந்தன. கேலிக்குக் காரணம் சைக்கிள்.

நாற்பத்தேழில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலேறியபோது, அவருடைய அப்பா தோட்டவேலை பார்த்த பங்களாவின் எஜமானி, விற்றதுபோக மிஞ்சிய சாமான்களோடு அந்த லேடீஸ் சைக்கிளையும் விட்டுப்போனாராம். அதன்பிறகு டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் மாறிவிட்டன. சைக்கிள் மட்டும் அதேதான். பின்சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்க இருபுறமும் ஒரு நூல்வலை. அதை அவரே பின்னியிருந்தார். காலில் கேன்வாஸ் ஷூ. தோளில், ராணுவத்தார் கழித்த பொருள்கள் விற்கும் கடையில் வாங்கிய தகரத் தண்ணீர்க் குப்பி. புடவை மடிப்பில் மூன்று ஊக்குகள், எப்போதும் ஒரே இடங்களில். இந்த உருவத்தோடு அவர் காலை ஒன்பதே முக்காலுக்கு அலுவலக வாசலில் இறங்கும்போது எதிர்ச்சாரி வெற்றிலைபாக்குக் கடையில் பேச்சு நிற்கும். அவர் பூட்டைப் போட்டு உள்ளே வந்தபிறகு மறுபடி தொடங்கும்.

எனக்கும் சைக்கிள் உண்டு. மல்லேஸ்வரத்திலிருந்து அலுவலகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அப்பா வாங்கித் தந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிபந்தனையை மீறினேன். சந்தாபுராவில் என் சித்தி இருந்தார். சித்தப்பாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. பஸ்ஸில் போவதற்குப் பதில் சைக்கிளில் போய்ப் பார்க்கலாம் என்று ஓசூர் சாலையில் இறங்கினேன். நான்காவது மைலில் ஒரு லாரி பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்த க்ளீனர், "நர்ஸம்மா, எனக்கும் ஜொரமா கீது, கொஞ்சம் தொட்டுப் பாத்துட்டுப் போ" என்றான். சைக்கிளில் போகும் பெண் நர்ஸாகத்தான் இருக்கவேண்டும் என்பது அந்தச் சாலையின் முடிவு. லாரியில் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை என் தோளில் விழுந்தது. ஓரத்து மண்ணில் இறக்கினேன், சக்கரம் புதைந்தது, விழுந்தேன். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு சந்தாபுரா வரை போய்ச் சேர்ந்தேன். போய்ச் சேர்ந்ததைப் பற்றிப் பெருமை எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் என் முழங்கைக் கட்டைப் பார்த்து அவர் காரணம் கேட்டார். சொன்னேன். எந்த இடம், எந்த மைல்கல் என்று மட்டும் கேட்டார். அன்று மாலை கிளம்பும்முன் என் மேசையில் ஒரு துண்டு டிரேசிங் துணி கிடந்தது. அவருடைய கையெழுத்து அச்சுப்போல இருக்கும்.

கோயில் குன்று தாண்டி இடப்பக்கம். வழி கேட்காதே, கேட்டால் கூடவே வருவார்கள்.
இரட்டைப் புளியமரம். தண்ணீர் குடி, உட்காராதே.
ஏரிக்கரை மணல். இறங்கித் தள்ளு.
கிழக்கு மேடு, மூன்று ஃபர்லாங். இறங்கவேண்டாம், ஏறலாம்.
கணவாய். இங்கே உட்காரலாம்.

பன்னேர்கட்டாவைத் தாண்டிக் குன்றுகளுக்கு இடையே புகுந்து, ஆனேக்கல் வழியாகச் சந்தாபுராவுக்குப் பின்பக்கமாக நுழையும் வழி அது. நேர்ச்சாலையைவிடப் பதினொரு மைல் கூடுதல். மாட்டுவண்டித் தடத்தைவிடக் கொஞ்சம் அகலம், சரளை போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை என்றார். "ரெண்டு பேரா போனா பேசிக்கினே போவோம். மேடு வந்ததே தெரியாது. அந்த ரோடு தனியா போறதுக்கு."

ஒரே ஒரு தடவை அவரை அந்தச் சாலையில் பார்த்தேன். ஏரிக்கரையில் மணலில் தள்ளிக்கொண்டிருந்தபோது, முன்னால் ஒரு ஃபர்லாங் தூரத்தில் அந்தத் தண்ணீர்க் குப்பி வெயிலில் மின்னியது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடவில்லை. அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் மிதித்த வேகத்திலேயே நானும் மிதித்தேன். இரண்டு மைலுக்கு அந்த ஒரு ஃபர்லாங் அப்படியே இருந்தது.

கிழக்கு மேட்டை இறங்காமல் ஏறினேன். மேடு முடிந்து, கணவாய்க்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று மேலே பார்த்தால், கணவாயில் ஒரு பெரிய சப்பைப் பாறைமேல் அவர் மல்லாந்து படுத்திருந்தார். ஷூக்கள் கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. கொண்டை அவிழ்ந்திருந்தது. கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன. வளர்ந்த ஒரு பெண் வெட்டவெளியில் அப்படிப் படுத்திருந்து நான் பார்த்ததில்லை. நான் போனால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஆகவே திருப்பத்துக்குக் கீழேயே சைக்கிளைச் சாய்த்து நின்றேன். முக்கால் மணி நேரம் இருக்கும். கேழ்வரகுக் கொல்லைக் காவல்பரணிலிருந்து யாரோ தகரம் தட்டும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, முடியை முடிந்து, ஷூவை மாட்டி, மறுபக்கம் இறங்கிப் போனபிறகுதான் நான் மேலே ஏறினேன். பாறை சூடாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் இரண்டு வாக்கியங்கள் சொன்னார். "அந்த மேட்டுல நீ இறங்கல, நல்லது. ஆனா வெயில்ல நின்னுக்கினு இருந்தியே, தலைவலி வந்துதா?"

அவர் ஏன் அவ்வளவு தூரம் போய்ப் படுத்தார் என்பது அவருடைய வீட்டைப் பார்த்த அன்று எனக்குப் புரிந்தது. ஒரு வாரம் அவருக்குக் காய்ச்சல். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவர என்னை அனுப்பினார்கள். ஜோகுபாளையத்தில், நடுவில் ஒரு குழாயும் அதைச் சுற்றி ஒன்பது வீடுகளும் உள்ள ஒரு முற்றம். ஒவ்வொரு வீடும் ஓர் அறை. அவருடைய அறையில் அம்மா, தம்பி, தம்பி மனைவி, மூன்று குழந்தைகள். சுவரில் புத்தர் படம், அதன்கீழ் சின்ன விளக்கு. அவர் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலில் தம்பியின் குழந்தைகள் தூங்கின. வாசலில் கதவு கிடையாது. ஒரு சாக்குத்திரை, அதையும் யாராவது விலக்கிக்கொண்டே இருந்தார்கள். கையெழுத்துப் போட்டுத் தந்தார். வந்ததற்கு நன்றி, சீக்கிரம் கிளம்பு என்றார்.

குழாயடியில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தினார்.

"ஆபீஸ்லயும் இப்டித்தானா இது? வாயே தொறக்காதா?"

நன்றாகப் பேசுவார் என்றேன்.

"ஞாயித்துக்கெழமை எங்க போவுதுன்னு நீயாச்சும் கேட்டுச் சொல்லும்மா. எங்க பசங்கள ஒரு நாளு பின்னாடியே வுட்டுப் பாத்தோம். அல்சூர் ஏரியச் சுத்தி மூணு தபா சுத்திச்சாம். நாலாவது தபா பாத்தா ஆளு இல்ல."

குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட மனசுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். அந்த வாரம் முழுக்க அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது அந்த அம்மாள்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த முற்றத்தில் ஒருவர் இருமினால் ஒன்பது வீட்டுக்கும் கணக்குத் தெரியும். நான் எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சாலை அலுவலகத்துக்குள் வந்தது.

ஓசூர் சாலையில் லாரிகள் தாங்கமுடியாத அளவுக்குப் பெருகிவிட்டன. பாரவண்டிகளுக்கு ஒரு மாற்றுப்பாதை வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. எங்கள் இஞ்சினியர் மூன்று வழிகளைத் தேர்ந்தெடுத்தார். மூன்றாவது, அந்த மலைவழி. ஓர் ஓவர்சியர் சாய்வுமானியுடன் மூன்றிலும் நடந்து ஏற்ற இறக்கங்களை ஃபீல்ட் புக்கில் குறித்து வந்தார். அதைக் கொண்டு ஒவ்வொரு சாலைக்கும் நீளமான நாடா போல ஒரு படம் போட்டு, ஒவ்வொரு மேட்டின்மேலும் அதன் சரிவை எழுதவேண்டும். இருபதுக்கு ஒன்று என்றால் இருபதடி போனால் ஓரடி உயரும். அதைவிடச் செங்குத்தான மேடு இரண்டு ஃபர்லாங்குக்கு மேல் நீண்டால் அந்த வழியைத் தள்ளிவிடலாம் என்று இஞ்சினியர் சொல்லியிருந்தார். பாரம் ஏற்றிய லாரி முனகும், பாறையை உடைத்துப் புதுவழி போடவேண்டிவரும், அதற்கு அனுமதி கிடைக்காது.

மூன்று பென்சில் படங்களையும் அவர்தான் போட்டார். அந்த நாட்களில் அவர் எப்போதும்போலத்தான் இருந்தார். மதிய உணவை எப்போதும்போல ஜன்னலைப் பார்த்துச் சாப்பிட்டார். முதல் இரண்டு படங்கள் வேறு ஆட்களுக்குப் போயின. மூன்றாவதை என்னிடம் தரும்படி அவரே தலைமை டிராஃப்ட்ஸ்மனிடம் சொன்னார். நகலெடுப்பதோடு சரிபார்ப்பதும் நானே செய்யட்டும் என்றும் சொன்னார். சரிபார்க்கும் வேலை அதுவரை எனக்குத் தரப்பட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு நாளில் துணியில் நகலெடுத்து முடித்தேன். மூன்றாம் நாள் சரிபார்த்தேன். என் முறை இது: முதலில் தூரங்கள், பிறகு பாலங்கள், பிறகு ஏரிகள், கடைசியில் சரிவுகள். ஒவ்வொன்றும் சரியென்றால் ஒரு சின்னப் புள்ளி. கிழக்கு மேட்டுக்கு வந்தேன். மூன்று ஃபர்லாங், பதினான்குக்கு ஒன்று.

நகலெடுக்கும்போது என் கை அந்த எண்ணை எழுதியிருக்கிறது. சரிபார்க்கும்போதுதான் மனம் நின்றது. பதினான்குக்கு ஒன்றில் என்னால் மூன்று ஃபர்லாங் மிதித்து ஏற முடியாது. அவராலும் முடியாது. எங்கெங்கே சைக்கிளைவிட்டு இறங்க நேர்ந்தது என்று நான் ஒரு நோட்டில் எழுதிவைப்பதுண்டு. கிழக்கு மேடு அதில் இல்லை. ஓவர்சியரின் ஃபீல்ட் புக்கை எடுத்துப் பார்த்தேன். குண்டுகுண்டான எழுத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாமல், இருபத்திரண்டுக்கு ஒன்று.

நாற்பதை நெருங்கும் வயது, வீட்டில் அந்தச் சத்தம், தொடர்ந்து மூன்று படங்கள். களைப்பில் கை தவறியிருக்கிறது என்று நினைத்தேன். பிளேடை எடுத்தேன். பதினான்கைச் சுரண்டினேன், பொடி தேய்த்தேன், இருபத்திரண்டு என்று எழுதினேன். வழக்கப்படி பென்சில் படத்திலும் தவறான எண்ணைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டேன். கீழ் மூலையில், 'சரிபார்த்தது' என்ற கட்டத்தில், என் முதலெழுத்துகளைப் போட்டேன். வாழ்க்கையில் முதல்முறை. பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். அவரே கண்டுபிடிக்காத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் என் முகத்தில் இருந்திருக்கும்.

அவர் சிவப்பு வட்டத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"ஃபீல்ட் புக் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. இருபத்திரெண்டுன்னுதான் இருக்கு. அதுவும் இல்லாம, நானே ஏறியிருக்கேனே."

"ஆமா. நீ ஏறியிருக்கே" என்றார். தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

அதற்குள் தலைமை டிராஃப்ட்ஸ்மன் எட்டிப் பார்த்துவிட்டார். "அக்காவ்ரு தப்பு மாடித்ரு! இவத்து மளெ பருத்தெ" என்று அறைக்கே அறிவித்தார். அக்கா தப்புச் செய்துவிட்டார், இன்றைக்கு மழைதான் என்று. சொன்ன வாக்கைக் கொஞ்சமாவது காப்பாற்ற எல்லாருக்கும் காப்பி வரவழைத்தார். விடுமுறை மட்டும் தரவில்லை. பதினொரு ஆண்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் முதுகில் இரண்டு பேர் தட்டினார்கள்.

சாயங்காலம் பென்சில் படத்தை இழுப்பறையில் வைக்கப்போனேன். மேற்கு ஜன்னல் வெயில் காகிதத்தின்மேல் படுக்கையாக விழுந்தது. பென்சில் எழுத்தைத் துடைத்துவிடலாம். பென்சில் காகிதத்தில் அழுத்திய தடம் துடைத்தாலும் போகாது. என் சிவப்பு வட்டத்துக்குள், பதினான்கின் அடியில், தெளிவாக இரண்டு இரண்டுகள் இருந்தன. அவர் முதலில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பிறகு, ரப்பர் வைத்துக்கொள்ளாதவர், எங்கிருந்தோ ஒரு ரப்பரை வாங்கி அதைத் துடைத்திருக்கிறார்.

கோப்பு மேலே போக இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. அன்று இரவு வீட்டில் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இருபத்திரண்டை அப்படியே விடுவதற்கான காரணங்கள்: ஓவர்சியரின் குறிப்பு, என் கையெழுத்து, ஓசூர் சாலையில் லாரியடியில் விழுகிறவர்கள், மலைக் கிராமங்களுக்கு பஸ் வரும் என்பது, அதுதான் உண்மை என்பது. பதினான்கைத் திருப்பி எழுதுவதற்கான காரணங்கள்: அவர் கேட்கிறார். இந்தப் பக்கம் ஐந்து வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. எனக்கு வரிகளை எண்ணத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவர் தனியாக இருந்தபோது போனேன்.

"அக்கா, பென்சில் படத்துல கீழ வேற நம்பர் இருந்தது."

"ம்."

"எனக்குத் தெரியாம போச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்பே?"

கேட்டுக்கொண்டே சாவியைப் பூட்டுக்குள் நுழைத்தார்.

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. அதான் உங்கிட்ட குடுத்தேன்."

அவர் பூட்டைத் திறந்தார். இப்போதும் மாற்றலாம் என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "வாணாம். உன் நம்பர்தான் கரெக்டு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

நான் விட்டுவிடுவேன் என்று நம்பி என்னிடம் கொடுத்தாரா, பிடித்துவிடுவேன் என்று நம்பிக் கொடுத்தாரா? அந்த மேட்டை ஏறிய இன்னொரு ஆள் நான் ஒருத்திதான். இரண்டுக்கும் என்னைவிடப் பொருத்தமான ஆள் அந்த அறையில் கிடையாது. இத்தனை வருஷத்தில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் ஒரு புள்ளி வைக்க முடியவில்லை.

மூன்று வழிகளில் மலைவழிதான் தேறியது. நல்ல வேலையாகச் செய்தார்கள். ஏரிக்கரையில் பாலம் கட்டினார்கள். புளியமரங்களை வெட்டினார்கள். கணவாயை லாரி போகும் அளவுக்கு அகலப்படுத்த வெடிவைத்தார்கள். சப்பைப் பாறை ஜல்லியாகி அந்தச் சாலைக்குள்ளேயே போயிருக்கவேண்டும். முதல் லாரிகள் ஓடத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் கணவாயில் கீற்றுக் கொட்டகையில் ஒரு டீக்கடை வந்தது. சித்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் கிடைத்தது. பிரசவத்துக்கு மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்த ஊர்களிலிருந்து இப்போது ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். என் ஐந்து வரிகளில் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை.

அலுவலகத்தில் அவர் என்னிடம் கோபமாக இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். என் டிரேசிங்கை முன்போலவே பாராட்டினார். தீபாவளிக்கு நான் கொண்டுபோன முறுக்கில் இரண்டு எடுத்துக்கொண்டார். சாலைகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. தலைமை டிராஃப்ட்ஸ்மன் நந்திமலைக்குக் குடும்பத்தோடு போக எந்த வழி நல்லது என்று அவரிடம் கேட்டபோது, "எல்லா வழியும் போய்ச் சேரும் சார்" என்றார். முன்பென்றால் ஒரு துண்டுத் துணியில் எழுதிக் கொடுத்திருப்பார். இரண்டு வருஷம் கழித்து ஷிமோகாவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பிரிவுபசாரத்துக்கு நான்தான் மாலை வாங்கினேன்.

அவர் போவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு திங்கட்கிழமை. அவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் என் சைக்கிளை நிறுத்தும்போது கவனித்தேன். பின்சக்கர மட்கார்டில் மண் உலர்ந்து ஒட்டியிருந்தது. சாம்பல் கலந்த வெள்ளை மண். நூல்வலையின் கண்களிலும் அதே மண். ஆனேக்கல் பக்கத்து மண் செம்மண். ஓசூர்ப் பக்கமும் அதுதான். அவர் வேறு எங்கோ போகத் தொடங்கியிருந்தார்.

எங்கள் வரைபட அறையில் ஓர் அலமாரி நிறைய மண்வகைப் படங்கள் உண்டு. எந்தத் தாலுக்காவில் எந்த நிறம், எந்த ஓடைக்கு அந்தப் பக்கம் களி, இந்தப் பக்கம் சுண்ணாம்பு என்று வண்ணம் தீட்டியவை. அந்த வெள்ளை மண் பெங்களூரைச் சுற்றி அதிகம் கிடையாது; அரை மணி நேரம் உட்கார்ந்தால் சாலையின் பெயரையே சொல்லிவிடலாம். அந்த வருஷம் அலமாரிச் சாவி என் பொறுப்பில் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, பிறகும் இல்லை.

ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்? நான் குனிந்து மட்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், உள்ளே போனார்.

அடுத்த திங்கட்கிழமை அந்தச் சைக்கிள் கழுவியிருந்தது. நூல்வலை வரை பிரித்தெடுத்துத் துவைத்து, ஈரத்தோடு மாட்டியிருந்தார். அதிலிருந்து தரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.